போகியன்று வந்த 10,550 ரூபாய்: குழாய் எரிவாயு பில் தகராறு, ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜனவரி 13, போகி. பின்தெருவில் எரித்த பழம்பாய்களின் புகை அடங்காத காலை நேரத்தில், எங்கள் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை கைபேசியை நீட்டியபடி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். குடியிருப்பில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைப்போம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். "தம்பி, இதுல புள்ளி எங்கயாவது இடம் மாறிப் போச்சான்னு பாருங்க" என்றார். புள்ளி இடம் மாறவில்லை. குழாய் எரிவாயுவுக்கான இருமாதக் கட்டணம் 10,550 ரூபாய் என்றுதான் குறுஞ்செய்தி சொன்னது. பணம் கட்டக் கடைசி நாள் ஜனவரி 31. அதற்கு முந்தைய பில்களில் ஒன்றுகூட 1,200 ரூபாயைத் தாண்டியதில்லை.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நலச் சங்கத்தின் பொருளாளர் என்பதால் இதுபோன்ற காகிதங்கள் என்னிடம்தான் வந்து சேரும். இந்தப் பில் சரியாவதற்கு ஏப்ரல் கடைசி ஆயிற்று. எரிவாயு வழங்கும் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே குழப்பம் மீட்டர் வைத்து விற்கும் எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியது என்பதால் பெயரைவிட நடந்த வரிசையே பயன் தரும் என்று நினைக்கிறேன்.

பில்லில் இருந்த எண்கள்

டீச்சர், மகன், மருமகள், பள்ளி செல்லும் பேரன் என்று வீட்டில் நான்கு பேர். இரண்டு பர்னர் அடுப்பு. வெந்நீருக்கு மின்சார கீசர். 2024 ஜனவரியில் இணைப்பு கொடுத்து, அடுப்பின் ஜெட்டை மாற்றித் தந்துவிட்டுப் போனார்கள். மீட்டர் சமையலறையை ஒட்டிய சர்வீஸ் ஏரியாவின் வெளிச்சுவரில், பக்கத்து வீட்டு மீட்டருக்கு அருகிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குள் வந்துதான் ஆக வேண்டும்.

டீச்சர் எல்லா பில்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் சேர்த்து வைத்திருந்தார். அதனால் முதல் வேலை எளிதாயிற்று. 2024 மார்ச்சில் மீட்டர் ரீடிங் 24. பயன்பாடு 24 கன மீட்டர். மே மாதத்தில் ரீடிங் 47, பயன்பாடு 23. ஜூலை பில்லில் 67, செப்டம்பர் பில்லில் 87, நவம்பர் பில்லில் 107 என்று மூன்று முறையும் கச்சிதமாக இருபது இருபதாக ஏறியிருந்தது. ஒரு குடும்பம் ஆறு மாதம் தொடர்ந்து இப்படி அளந்து சமைக்காது. உற்றுப் பார்த்தபோது அந்த மூன்று பில்களிலும் ரீடிங்குக்குப் பக்கத்தில், அது மதிப்பீடு என்பதைக் காட்டும் ஒற்றை எழுத்துக் குறி பொடியாக அச்சாகியிருந்தது. ஜூலையில் டீச்சர் மகளின் பிரசவத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தார். செப்டம்பரில் ஆள் வந்த நேரம் வீடு பூட்டியிருந்தது. நவம்பரில் மழை என்று ஆளே வரவில்லை. கடைசியாக 2025 ஜனவரி 10 அன்று ஆள் வந்து, மருமகள் கதவைத் திறந்துவிட, ரீடிங் எடுத்துச் சென்றார். அன்று பதிவான எண் 318. அதிலிருந்து 107-ஐக் கழித்தால் 211 கன மீட்டர். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வரி உட்பட கன மீட்டருக்கு 50 ரூபாய் என்றே இங்கே எடுத்துக்கொள்கிறேன், அதன்படி 10,550.

இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டி.க்குள் வராததால் பில்லில் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரிதான் இருக்கும். தொகை திடீரென ஏறும்போது பலர் முதலில் வரியைச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் இங்கே விலையும் வரியும் முந்தைய பில்லில் இருந்தபடியே இருந்தன. அளவு மட்டுமே மாறியிருந்தது. விலையா, வரியா, அளவா, பழைய நிலுவையா என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் தகராறின் முக்கால் பங்கு குறுகிவிடும்.

பன்னிரண்டு சிலிண்டர் என்ற வாதம்

சிலிண்டரோடு நாற்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர்களுக்கு எரிவாயுவின் அளவு நாட்களில்தான் தெரியும். போன சிலிண்டர் நாற்பது நாள் வந்தது, இது முப்பத்தைந்தே நாளில் தீர்ந்துவிட்டது என்று சொல்வார்களே தவிர, கிலோவில் யாரும் பேசுவதில்லை. குழாய் எரிவாயுவில் அந்த நாள் கணக்கு போய்விடுகிறது. கன மீட்டர் என்ற புதிய அளவு மனத்தில் இன்னும் ஊன்றவில்லை. ஆகவே மாற்றிச் சொல்வது உதவும். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அது தரும் வெப்பத்தை இயற்கை எரிவாயுவிலிருந்து பெற ஏறத்தாழ 17 முதல் 18 கன மீட்டர் வேண்டும். டீச்சர் வீட்டின் இருமாதப் பயன்பாடான 23 கன மீட்டர் என்பது ஒரு சிலிண்டரும் மூன்றில் ஒரு பங்கும். அதாவது ஒரு சிலிண்டர் நாற்பத்தைந்து நாள். "எங்களுக்கு எப்பவும் ஒன்றரை மாசம் வரும் தம்பி" என்று டீச்சர் சொன்னதோடு அது ஒட்டிப்போனது.

அந்தக் கணக்குப்படி 211 கன மீட்டர் என்பது பன்னிரண்டு சிலிண்டர். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு சிலிண்டர் எரிக்க, வீட்டில் கல்யாண மண்டபமா நடக்கிறது என்று டீச்சர் கேட்டார். இரண்டு பர்னரும் முழுத் தீயில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய 0.45 கன மீட்டர் செலவாகும். 211 ஆக வேண்டுமானால் அறுபது நாளும் தினம் எட்டு மணி நேரம் இரண்டு பர்னரும் எரிந்திருக்க வேண்டும். இதைக் கேட்ட சங்கத்துக்காரர்கள் அனைவரும் வழக்கு முடிந்துவிட்டதாகவே பேசினார்கள்.

முடியவில்லை. இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதை நானும் இரவில்தான் கவனித்தேன். முந்தைய மூன்று பில்களும் மதிப்பீடுகள் என்பதால், அந்த 211 இரண்டு மாதத்துக்கு உரியதாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாக ரீடிங் எடுத்தது மே மாதத்தில், 47-இல். அங்கிருந்து 318 வரை 271 கன மீட்டர். காலம் எட்டு மாதம். மாதத்துக்கு 34 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டு சிலிண்டர். இரண்டு பர்னரும் தினமும் இரண்டரை மணி நேரம் எரிந்தால் போதும். டீச்சர் வீட்டு வழக்கத்துக்கு அது மிக அதிகம் என்றாலும், நடக்கவே முடியாதது என்று யாரும் சொல்ல முடியாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு பின்னர் சொன்ன முதல் பதிலும் இதுவே: இதற்கு முன் மதிப்பீடாகக் குறைவாகப் போட்டிருந்தோம், சேர்ந்திருந்த பாக்கி இப்போது ஒரே பில்லில் வந்திருக்கிறது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும் பதில். பொங்கலுக்கு ஊர் போகும் அவசரத்தில் இருப்பவர் இதைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்.

மீட்டர் முகப்பு

ஆகவே வாதத்தை விட்டுவிட்டு மீட்டரைப் பார்க்கப் போனோம். உண்மையில் குறுஞ்செய்தி வந்த நிமிடத்திலேயே அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

வீடுகளில் பொருத்தப்படும் மீட்டர் பெரும்பாலும் உள்ளே தோல்போன்ற சவ்வுகள் மாறி மாறி நிறைந்து காலியாகும் வகையைச் சேர்ந்தது. முகப்பில் கருப்புக் கட்டங்களில் ஐந்து இலக்கங்களும், சிவப்புக் கட்டங்களில் மூன்று இலக்கங்களும் இருக்கும். கருப்பு என்பது கன மீட்டர். சிவப்பு அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது லிட்டர். பில்லுக்குக் கருப்பு மட்டுமே கணக்கு. சிவப்பையும் சேர்த்துப் படித்து விட்டால் பில் பத்து மடங்கோ ஆயிரம் மடங்கோ எகிறும். நாங்கள் முதலில் சந்தேகித்ததும் அதையே.

போகியன்று மாலை முகப்பு காட்டியது 00139.712. மூன்று நாளுக்கு முன் 318 என்று பதிவான மீட்டர் இன்று 139 காட்டுகிறது. மீட்டர் பின்னோக்கி ஓடாது. பன்னிரண்டு சிலிண்டர், எட்டு மணி நேரம், கல்யாண மண்டபம் என்று எதுவும் தேவைப்படாமல் தகராறின் சாரம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

ஆனாலும் நிறுவனம் என்ன சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடும் என்று யோசித்து மற்ற காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்து வைத்தோம். முதலாவது, மீட்டர் மாறாட்டம். அருகருகே இருக்கும் இரண்டு மீட்டர்களின் பெயர்ச்சீட்டு மாறி ஒட்டப்பட்டிருந்தால் ஒருவர் செலவை மற்றவர் கட்டிக்கொண்டிருப்பார். டீச்சரின் மீட்டருக்குக் கீழுள்ள வால்வை மூடியதும் டீச்சரின் அடுப்புதான் அணைந்தது. பக்கத்து வீட்டில் இட்லிப் பானை கொதித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து மீட்டரில் 204 இருந்தது, 318 அல்ல. மீட்டர் வரிசை எண்ணும் பில்லில் இருந்ததோடு பொருந்தியது. இந்தச் சோதனையை ஒரு வாரம் கழித்து மற்ற வீடுகளிலும் செய்தபோது, இரண்டாம் பிளாக்கில் இரு வீடுகளுக்குச் சீட்டு மாறியிருந்தது தெரிய வந்தது. அந்த இரு வீட்டாரும் ஓராண்டாக ஒருவர் பில்லை மற்றவர் கட்டியிருக்கிறார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே செலவு என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாவது, கசிவு. பில்லில் கூடுதலாக வந்திருப்பது சுமார் 180 கன மீட்டர். அது அறுபது நாளில் கசிந்திருந்தால் மணிக்கு 125 லிட்டர். இயற்கை எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. காற்றில் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே மூக்கில் ஏறும்படி வாசனைப் பொருள் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். மூடிய சமையலறையில் அந்த அளவுக் கசிவு ஓரிரு மணி நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் டீச்சரின் மீட்டர் காற்றோட்டமான சர்வீஸ் ஏரியாவில் இருக்கிறது. இயற்கை எரிவாயு காற்றைவிட எடை குறைந்தது என்பதால் மேலேறிக் கலைந்துவிடும். வாசனை வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது. சிவப்பு இலக்கங்கள்தான் இதற்குச் சாட்சி. அடுப்பை அணைத்துவிட்டு, மீட்டர் வால்வைத் திறந்தே வைத்து, படம் எடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தோம். மணிக்கு 125 லிட்டர் கசிந்தால் கடைசிச் சிவப்புக் கட்டத்தில் அரை நிமிடத்துக்கு ஓர் இலக்கம் ஏறும். இரண்டு மணி நேரத்தில் ஒன்றுகூட நகரவில்லை. மீட்டருக்கு முன்னால் உள்ள குழாயில் கசிந்தால் அது மீட்டரில் பதியாது, பில்லிலும் ஏறாது. அந்தக் கசிவு பில் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. வாசனை வந்தால் மின்விளக்கு சுவிட்சைத் தொடாமல், வால்வை மூடி, சன்னலைத் திறந்துவிட்டு அவசர எண்ணை அழைப்பதே முறை. அப்போது ரீடிங் பார்க்க யாரும் நிற்க வேண்டாம்.

மூன்றாவது, மீட்டர் கோளாறு. இவ்வகை மீட்டர்களுக்கு அனுமதிக்கப்படும் பிழை, வழக்கமான ஓட்டத்தில் நூற்றுக்கு ஒன்றரைதான். சவ்வு கிழிந்து பழுதானாலும் வாயு எண்ணப்படாமல் நழுவும் என்பதால் மீட்டர் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும். ஒரு பர்னரைத் தனியாக ஒரு மணி நேரம் எரியவிட்டதில் 190 லிட்டர் ஓடியது. நடுத்தர பர்னருக்கு அது இயல்பான அளவு.

இங்கே ஒரு சிறு விலகல். எரிவாயுவின் விலை நிர்ணய அளவு 15 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர். சென்னையில் மீட்டருக்குள் ஓடும் வாயு 30 டிகிரியில் விரிந்திருக்கும். குழாய் அழுத்தம் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டினாலும், திருத்தக் காரணி போடாமல் மீட்டர் எண்ணையே விலைக்கு எடுத்துக்கொண்டால் வாடிக்கையாளர் ஏறத்தாழ 3 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறார். டீச்சரின் பில்லில் அத்தகைய காரணி எதையும் நான் காணவில்லை. பில்லுக்கு 35 ரூபாய் விவகாரம். அது வேறு வழக்கு. இதோடு சேர்த்துக் கிளப்பியிருந்தால் பெரிய பிழை அந்தப் பேச்சில் புதைந்திருக்கும்.

எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சியது பதிவுப் பிழை. கணக்குப் பிரிவில் ஐந்தொகை ஒட்டாதபோது வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார் என்று பழைய தலைமைக் கணக்கர்கள் சொல்லித் தருவார்கள். மீதமில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நாளொன்றுக்கு 0.38 கன மீட்டர் என்ற வழக்கமான செலவை வைத்து, பண்டிகைச் சமையலையும் கொஞ்சம் சேர்த்து, 139.7-இலிருந்து மூன்று நாள் பின்னால் போனால் ஜனவரி 10 அன்று முகப்பு காட்டியது 138-ஆக இருந்திருக்க வேண்டும். பதிந்தது 318. வித்தியாசம் 180, ஒன்பதால் வகுத்தால் 20. டீச்சர் வாசலில் நின்று கேட்டதில் பாதி சரி: புள்ளிக்குப் பதில் இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

சரியான பில் 138-இலிருந்து 107 போக 31 கன மீட்டர், 1,550 ரூபாய். இது வழக்கத்தைவிட அதிகம்தான். மூன்று முறை இருபது என்று குறைத்து மதிப்பிட்டதில் விடுபட்டது இதில் சேர்ந்திருக்கிறது. மே 2024 முதலான எட்டு மாதத்தில் 91 கன மீட்டர் எரித்திருக்கிறார்கள். இருமாதத்துக்குச் சராசரி 23. ஆக, நிறுவனம் சொன்ன சேர்ந்திருந்த பாக்கி என்ற விளக்கம் முழுப் பொய்யும் அல்ல. 211-இல் ஓர் எட்டு கன மீட்டருக்கு அது பொருந்தும். டீச்சருக்கு இதை ஒப்புக்கொள்ளவைப்பதுதான் கடினமாக இருந்தது. தப்பு அவர்களுடையது, நான் ஏன் ஒரு பைசா கூடக் கட்ட வேண்டும் என்று இரண்டு நாள் பிடிவாதமாக இருந்தார்.

தீர்க்கப்பட்டது என்ற புகார்

ஜனவரி 17 அன்று தொலைபேசியில் புகார் செய்தோம். 20 அன்று மின்னஞ்சலில் எழுத்தாகக் கொடுத்தோம். அதில் நான்கு வாக்கியங்களே இருந்தன: ஜனவரி 10 அன்று பதிவான ரீடிங் 318, ஜனவரி 13 அன்று மீட்டர் காட்டியது 139, மீட்டர் வரிசை எண்ணும் ரீடிங்கும் ஒரே சட்டத்தில் தெரியும் படம் இணைப்பில் உள்ளது, ஜனவரி 10 ரீடிங்கை 138 எனத் திருத்தி, உங்கள் ஆள் அன்று எடுத்த படத்தின் பிரதியைத் தரவும். அநியாயம், மன உளைச்சல், மூத்த குடிமகள் என்ற சொற்களை டீச்சர் சேர்க்கச் சொன்னார்; நான் சேர்க்கவில்லை. கோபமான கடிதத்துக்கு ஆறுதல் சொல்லிப் பதில் எழுதிவிடலாம். எண் மட்டும் உள்ள கடிதத்துக்கு எண்ணைத்தான் பதிலாகத் தர வேண்டும்.

24 அன்று ஒரு தொழில்நுட்பப் பணியாளர் வந்தார். சோப்புத் தண்ணீர் தடவிக் குழாய் இணைப்புகளைப் பார்த்து, கசிவு இல்லை என்று கைபேசியில் பதிந்துவிட்டுக் கிளம்பினார். ரீடிங்கையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, அது வேறு பிரிவு அம்மா என்றார். அன்று மாலையே, தங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. கேட்டது ஒன்று, முடித்து வைத்தது வேறொன்று. அதிக பில் என்று தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டவர் கசிவுச் சோதனை என்ற தலைப்பில் பதிந்திருக்கிறார். அந்தத் தலைப்புக்கு உரிய வேலை நடந்ததும் புகார் மூடப்பட்டது. மறுமுறை அழைத்தபோது, மீட்டரில் சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு விண்ணப்பிக்கலாம், மீட்டர் சரியாக இருந்தால் கட்டணம் உங்களுடையது என்றார்கள். இந்த வலையில் விழுந்திருந்தால் மீட்டர் சரியாகவே இருக்கிறது என்று சான்று வந்திருக்கும். அந்தச் சான்றையே 318-க்கு ஆதாரமாகக் காட்டியிருப்பார்கள். எங்களுக்கு மீட்டரில் சந்தேகமே இல்லை. மீட்டர்தான் எங்கள் பக்கச் சாட்சி.

கடைசி நாள் நெருங்கியது. நிறுவனத்தின் செயலி முழுத் தொகையை மட்டுமே ஏற்றது. குறைத்துக் கட்ட வழியில்லை. ஆகவே 1,550 ரூபாய்க்குக் காசோலை எழுதி, இது சர்ச்சைக்கு உட்படாத தொகை, மீதம் 9,000 ரூபாய் குறித்த புகார் நிலுவையில் உள்ளது, இதைச் செலுத்துவதால் பில்லை ஏற்றுக்கொண்டதாகப் பொருளாகாது என்ற முகப்புக் கடிதத்தோடு, ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் ஜனவரி 28 அன்று அனுப்பினோம். (அதே ஆண்டில் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால் இன்று அனுப்புகிறவர் விரைவுத் தபாலில் ஒப்புகை கேட்டு அனுப்ப வேண்டும்.) காசோலை பணமாக்கப்பட்டது. இருந்தும் பிப்ரவரி 12 அன்று, தாமதக் கட்டணம் சேர்த்து, பாக்கியைச் செலுத்தாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்று ஆலோசனை மழை. மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைக் காட்டுங்கள் என்று ஒருவர் எழுதினார். 2003-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், சர்ச்சைக்குரிய தொகையை ஆட்சேபத்தோடு கட்டித் துண்டிப்பைத் தடுக்கவும், இரண்டாண்டுக்கு மேற்பட்ட பாக்கியைக் காட்டித் துண்டிப்பதைத் தடுக்கவும் வழி உண்டு என்பது உண்மை. ஆனால் அது மின்சாரத்துக்கு. எரிவாயு வேறு சட்டத்தில் இருக்கிறது. பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது, புது தில்லியில் இருக்கிறது. மின்வாரியத்தோடு தகராறு என்றால் குறைதீர் மன்றம், அதற்கு மேல் சென்னையிலேயே மின்குறை தீர்ப்பாளர் என்று படி வைத்திருக்கிறார்கள். எரிவாயு வாடிக்கையாளர் நிறுவனத்தின் மேல்நிலை அதிகாரியைத் தாண்டினால் நுகர்வோர் ஆணையத்தில்தான் நிற்க வேண்டும். பொருந்தாத சட்டத்தை மேற்கோள் காட்டும் கடிதம் எதிராளிக்கு ஒரு சுலபமான பதிலைப் பரிசளிக்கிறது என்று சொல்லி அந்த ஆலோசனையைத் தவிர்த்தேன்.

நாங்கள் செய்தது இரண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தோம். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மறுபடியும் எழுதி, பதினைந்து நாளில் ரீடிங் திருத்தப்படாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்தை அணுகுவோம் என்று தெரிவித்தோம். இது வெற்று மிரட்டல் அல்ல. செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வாடிக்கையாளர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டாண்டு அவகாசம் உண்டு. வழக்கு முடியும்வரை இணைப்பைத் துண்டிக்காதிருக்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம். மனுவின் வரைவையும் கடிதத்தோடு இணைத்தோம். ஒன்றரைப் பக்கம்.

அவர்களிடமே இருந்த படம்

பிப்ரவரி 27 அன்று குறைதீர் அதிகாரியின் அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் அழைத்தார். நாங்கள் அனுப்பிய படங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. ரீடிங் எடுக்கும் ஒப்பந்த ஊழியர்கள் முகப்பைப் படம் பிடித்த பிறகே எண்ணைப் பதிய முடியும் என்றும், ஜனவரி 10 அன்று எடுத்த படத்தைத் தாம் இப்போதுதான் திறந்து பார்த்ததாகவும் சொன்னார். படத்தில் இடப்பக்கம் வெயில் பட்டுச் சற்றே வெளுத்திருந்தாலும், 00138 என்பது ஐயமில்லாமல் தெரிந்தது. படத்தை எடுத்தவரேதான் 318 என்றும் அழுத்தியிருக்கிறார். ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்களோ, விரல் பிறழ்வதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. ஆனால் பிழையைக் காட்டும் சான்று முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் கணினியில் கிடந்தது. வழக்கமான செலவைப் போல ஒன்பது மடங்கு வந்த பில்லை அனுப்பும்முன் ஒரு மனிதக் கண் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் போதும். நாற்பத்தெட்டு நாள் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜனவரி 20 மின்னஞ்சலில் நாங்கள் கேட்டதும் அதே படத்தைத்தான்.

சலுகை வேறு, திருத்தம் வேறு

மார்ச் 4 அன்று 9,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டதாகவும் தாமதக் கட்டணம் நீக்கப்பட்டதாகவும் கடிதம் வந்தது. டீச்சர் வீட்டில் அன்று பால் பாயசம். எனக்கு அந்தக் கடிதத்தில் ஒரு தொடர் உறுத்தியது: இந்த வரவு நல்லெண்ண அடிப்படையில் அளிக்கப்படுகிறது. பிழையைத் திருத்தினோம் என்று எழுதவில்லை. விட்டுக்கொடுத்தோம் என்று எழுதியிருந்தார்கள். கேட்ட தொகை முழுசாகக் கழிந்த பிறகும் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று என் வீட்டிலேயே கேலி செய்தார்கள்.

மார்ச் 10 அன்று ரீடிங் எடுக்க வந்தார்கள். மீட்டர் 161 காட்டியது. இரண்டு நாளில் வந்த பில்லில் முந்தைய ரீடிங் 318, தற்போதைய ரீடிங் 341, பயன்பாடு 23, பக்கத்தில் அதே பொடி எழுத்து மதிப்பீட்டுக் குறி. நடந்தது இதுதான்: பணத்தை வரவு வைத்தவர்கள் பேரேட்டில் 318-ஐத் தொடவில்லை. முந்தைய ரீடிங்கைவிடக் குறைவாக 161 வந்ததும் கணினி அதை ஏற்காமல் ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு மதிப்பீட்டைப் போட்டுக்கொண்டது.

தொகை 1,150 ரூபாய். உண்மையான ரீடிங்கை எடுத்திருந்தாலும், 161-இலிருந்து 138 போக, அதே 23, அதே 1,150. அதனால்தான் இது ஆபத்து. தொகை சரியாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் கணினியின் எண் எப்போதும் மீட்டருக்கு 180 முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். இனி எந்த ரீடிங் எடுத்தாலும் அது குறைவாகவே வரும். ஒவ்வொரு பில்லும் மதிப்பீடாகவே இருக்கும். வீட்டார் ஒரு மாதம் ஊருக்குப் போனாலும் பில் குறையாது. என்றாவது மீட்டர் மாற்றும்போதோ வீட்டை விற்கும்போதோ கடைசிக் கணக்கு பார்க்கும் ஒருவர், அந்த 180-ஐ யாரிடம் கேட்பது என்று தேடுவார். அப்போது அவர் கையில் கிடைப்பது நல்லெண்ண அடிப்படையில் தந்தோம் என்ற கடிதமாக இருக்கும்.

மறுபடி எழுதினோம். பணம் எதுவும் கேட்கவில்லை. ஜனவரி 10, 2025 ரீடிங் 318 என்பதை 138 என்றும், மார்ச் 10 ரீடிங்கை 161 என்றும் பதிவேட்டில் திருத்தி, 9,000 ரூபாய் வரவு ரீடிங் திருத்தத்தால் வந்தது என்று எழுத்தில் தரும்படி கேட்டோம். தொகைதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன என்று இரண்டு பேர் தொலைபேசியில் கேட்டார்கள். அந்த இளம்பெண் மட்டும் முதல் முறையிலேயே புரிந்துகொண்டார். பழைய ரீடிங்கைப் பின்னுக்கு மாற்ற வேறு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லி, ஏப்ரல் 22 அன்று அதை வாங்கி முடித்தார். திருத்திய பில்கள் இரண்டும் வந்தன. இரண்டிலும் மதிப்பீட்டுக் குறி இல்லை. இழப்பீடு கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. டீச்சருக்கு அதில் இன்னும் மனக்குறை உண்டு. பதிவுத் தபால் செலவைக்கூடக் கேட்டிருக்கலாம் என்பார்.

மின்வாரியத்தின் வெள்ளை அட்டை சென்னைக்காரர்களுக்குத் தெரியும். ரீடிங் எடுக்க வருபவர் தேதியும் யூனிட்டும் எழுதி வீட்டிலேயே விட்டுச் செல்வது அது. குழாய் எரிவாயுவுக்கு அப்படி எதுவும் தரப்படவில்லை. டீச்சர் பேரனின் பழைய பரீட்சை அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டு, தேதி, ரீடிங், கையெழுத்து என்று மூன்று பத்தி பிரித்து, சர்வீஸ் ஏரியாவில் மீட்டருக்குக் கீழே ஆணியில் மாட்டினார். மே இரண்டாம் வாரம் ஒரு புதுப் பையன் வந்தான். படம் எடுத்து, எண்ணை அழுத்தி, சரி என்ற பொத்தானைத் தொடப் போனவனை டீச்சர் நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதுபோல, இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கமாகச் சொல் என்றார். அவன் சொன்னான்: பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, எட்டு, நான்கு. டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மீட்டரையும் அவன் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்ப அழுத்து" என்றார்.